பார்ப்பவருக்காக வழியும் நீர்

1921-ஆம் ஆண்டின் இறுதியில், லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையின் நுண்ணுயிர் ஆய்வகத்துக்குள் போனவர்கள் கண்ணீர் கொடுக்காமல் வெளியே வருவது கடினமாக இருந்தது. அலெக்சாண்டர் ஃப்ளெமிங் எலுமிச்சைத் தோலை அவர்கள் கண்ணில் ஒரு பிழி பிழிவார். பொங்கி வரும் நீரை மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றிக்கொள்வார். ஆய்வக உதவியாளர்கள் அழுதால் சில்லறைக் காசும் கிடைத்தது. சிறுவர்களைப் பிரம்பால் அடித்துக் கண்ணீர் சேகரிப்பதாக ஒரு கேலிச்சித்திரம்கூட அந்த நாளில் வந்தது.

ஃப்ளெமிங்குக்கு முதலில் துப்புக் கொடுத்தது கண்ணீர் அல்ல, மூக்குச் சளி. ஜலதோஷம் பிடித்திருந்த தன் மூக்கிலிருந்து எடுத்த சளியைச் சோதனைத் தட்டில் இட்டபோது, அதைச் சுற்றி வளர்ந்த பாக்டீரியாக்கள் கரைந்துபோயிருந்தன. அதே சக்தி எச்சிலில் இருக்கிறதா, கண்ணீரில் இருக்கிறதா என்று தேடினார். கண்ணீரில் ஏராளமாக இருந்தது. பாக்டீரியாவின் சுவரை அரித்து உடைக்கும் அந்த நொதிக்கு லைசோசைம் என்று பெயரிட்டு 1922-இல் அறிவித்தார். பெனிசிலின் வந்தது அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்துத்தான்.

ஆக, மனிதர் அழாத நேரத்திலும் கண்ணீர் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. கருவிழியில் ரத்தக் குழாய்கள் கிடையாது. இருந்தால் ஒளி தெளிவாக உள்ளே போகாது. அதனால் காற்றிலுள்ள ஆக்சிஜன் கண்ணீரில் கரைந்துதான் கருவிழிக்குப் போய்ச் சேர வேண்டும். விழியின் மேல் படர்ந்திருக்கும் இந்த நீர்ப்படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். அடியில் நீரை விழியோடு ஒட்டவைக்கும் கோழை, நடுவில் உப்பும் புரதமும் கலந்த நீர், மேலே அந்த நீர் ஆவியாகாமல் காக்கும் எண்ணெய். எண்ணெயைச் சுரப்பவை இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் நுண் சுரப்பிகள். நீரின் பெரும்பகுதி, புருவத்தின் வெளி ஓரத்துக்குக் கீழே, எலும்புக்குள் ஒளிந்திருக்கும் பாதாம் பருப்பளவான சுரப்பியிலிருந்து வருகிறது.

ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் படலம் புதுப்பிக்கப்படுகிறது. கணினித் திரையையோ கைப்பேசியையோ உற்றுப் பார்ப்பவர்கள் இமைக்க மறந்துவிடுகிறார்கள். கண் எரிகிறது என்று மருத்துவரிடம் போகிறார்கள். அவர் கீழ் இமையில் ஒரு சிறு காகிதத் துண்டைச் செருகி, 5 நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்க்கிறார். ஷிர்மர் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் நூறாண்டுக்கு முன்பு வகுத்த சோதனை அது. இன்றும் மாறவில்லை.

மிச்ச நீர் வடிவதற்கும் வழி உண்டு. இமைகளின் உள் ஓரத்தில், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக ஊசிமுனைத் துளைகள் இருக்கின்றன. அவை போய் முடிவது மூக்கில். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் தொண்டை கசப்பதும், தேம்பி அழுகிறவருக்கு மூக்கு ஒழுகுவதும் இதனால்தான். வடிகால் தாங்காத அளவு நீர் வரும்போதுதான் அது கன்னத்தில் இறங்குகிறது.

அப்படி இறங்கவைப்பதில் சமையலறை வெங்காயத்துக்கு இணையில்லை. முழு வெங்காயம் சாது. கத்தி பட்டதும், செல்களுக்குள் தனித்தனியே இருந்த கந்தகச் சேர்மமும் நொதியும் கலந்துவிடுகின்றன. விளைவாகப் பிறக்கும் வாயு கண்ணில் பட்டு, அங்குள்ள வலி நரம்பைச் சீண்டுகிறது. சுரப்பி உடனே மடை திறக்கிறது. அந்த வாயு தானாகவே உருவாகிறது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். அதற்கென்றே வெங்காயத்தில் இன்னொரு தனி நொதி இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002-இல் கண்டுபிடித்தார்கள். சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு 2013-இல் அவர்களுக்குக் கிடைத்தது. அழவைக்கும் பொருளுக்குச் சிரிப்புப் பரிசு.

தூசிக் கண்ணீரும் துக்கக் கண்ணீரும் ஒரே சுரப்பியிலிருந்து வந்தாலும், கட்டளை வரும் பாதை வேறு. விழியின் உணர்வு நரம்பு செயலிழந்தவருக்கு வெங்காயத்தால் கண்ணீர் வராது. ஆனால் துக்கம் வந்தால் அழுவார். உணர்ச்சியைக் கையாளும் மூளைப் பகுதிகளிலிருந்து இன்னொரு வழியாகச் சுரப்பிக்குச் செய்தி போகிறது. இந்த இரண்டாவது வழிதான் மனிதரின் தனிச்சொத்து. குட்டியைப் பிரிந்த விலங்குகள் கதறும், அலறும். துக்கத்தில் கண்ணீர் வடிப்பதாக உறுதியாகச் சொல்ல மனிதரை விட்டால் வேறு உயிர் இல்லை. சில மணி நேரப் பிரிவுக்குப் பிறகு எஜமானரைப் பார்க்கும் நாயின் கண் சற்றுக் கூடுதலாக ஈரமாகிறது என்று 2022-இல் ஜப்பானில் அளந்து சொன்னார்கள். அதுவும் கன்னத்தில் வழிகிற அளவுக்கு இல்லை. முதலைக் கண்ணீரையும் 2007-இல் ஃப்ளோரிடாவில் சோதித்தார்கள். முதலை இனத்தைச் சேர்ந்த ஏழு பிராணிகளைத் தரையில் இரை தின்னவிட்டுப் படம் பிடித்தபோது, ஐந்துக்குக் கண் கசிந்தது. இரக்கத்தால் அல்ல, தின்னும்போது எழும் மூச்சுக் காற்றின் அழுத்தம் காரணமாக இருக்கலாம் என்றார்கள்.

மனிதரும் பிறந்தவுடனே கண்ணீர் விடுவதில்லை. பச்சைக் குழந்தை வீறிட்டு அழும், கண்ணில் பொட்டு நீர் இருக்காது. சார்லஸ் டார்வின் இதைத் தன் பிள்ளையிடம் நாள் கணக்கு வைத்துக் கவனித்தார். குழந்தைக்கு 77 நாள் ஆகியிருந்தபோது அவருடைய கோட்டுக் கை தவறுதலாக அதன் கண்ணில் உரசியது. உரசிய கண்ணில் நீர் கொட்டியது. குழந்தை கத்திக் குவித்தும் மற்ற கண் ஏறக்குறைய காய்ந்தே இருந்தது. அழுகையில் கண்ணீர் கன்னத்தில் உருண்டது 139-ஆம் நாளில். இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தவர், 1872-இல் வெளிவந்த தன் நூலில் எழுதிய முடிவு மட்டும் சப்பென்று இருக்கிறது: கத்தும்போது கண்ணைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுவதால் தற்செயலாக வழிவதே கண்ணீர், அதற்குத் தனிப் பயன் இல்லை.

பயன் இருக்கிறது என்று அடித்துச் சொன்னவர் அமெரிக்க உயிர்வேதியியலாளர் வில்லியம் ஃப்ரே. சோகப் படங்களைப் போட்டுக் காட்டிக் கண்ணீர் சேகரித்து, அதில் வெங்காயக் கண்ணீரைவிடப் புரதம் அதிகம் என்று 1981-இல் அறிவித்தார். மன அழுத்தத்தால் உடலில் சேரும் வேதிப்பொருள்களை அழுகை வெளியேற்றுகிறது என்பது அவர் கருத்து. ‘அழுதால் உடம்பின் நச்சு வெளியேறும்’ என்று இன்றும் பத்திரிகைத் துணுக்குகளில் சுற்றுவது இதன் தேய்ந்த வடிவம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கணக்கு உதைக்கிறது. ஒரு நல்ல அழுகையில் வருவது சில சொட்டு நீர். அதிலும் ஒரு பங்கு மூக்கு வழியாக உடலுக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. கழிவை வெளியேற்றச் சிறுநீரகம் இருக்க, உடல் இவ்வளவு சிறிய வாசலை ஏன் தேட வேண்டும்?

விடையைக் கண்ணுக்குள் தேடாமல் எதிரில் நிற்பவரிடம் தேடினார் ராபர்ட் புரோவைன் என்ற ஆய்வாளர். அழும் முகங்களின் படங்களிலிருந்து கண்ணீரை மட்டும் கணினியில் அழித்துவிட்டு மாணவர்களிடம் காட்டினார். 2009-இல் வந்த முடிவு: கண்ணீர் போனதும் சோகம் குறைந்து தெரிந்தது. அதோடு, சில முகங்கள் அழுகின்றனவா, திகைக்கின்றனவா, யோசிக்கின்றனவா என்றே பார்த்தவர்களுக்குப் பிடிபடவில்லை. கதறல் ஊருக்கே கேட்கும், எதிரிக்கும் கேட்கும். கண்ணீர் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் தெரியும்.

இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தில் நோம் சோபெல் குழுவினர் இன்னும் நெருங்கிப் போனார்கள். சோகப் படம் பார்த்த பெண்களின் கண்ணீரை ஆண்களை முகரச் செய்தார்கள். ஒப்பிட, அதே பெண்களின் கன்னத்தில் வழியவிட்ட உப்புநீர். கண்ணீருக்கு வாசனையே இல்லை, ஆனாலும் ஆண்களின் பாலுணர்வும் டெஸ்டோஸ்டிரோன் அளவும் குறைந்தன என்று 2011-இல் எழுதினார்கள். நெதர்லாந்து ஆய்வாளர்கள் பின்னர் செய்து பார்த்தபோது அந்தப் பாலுணர்வுத் தாக்கம் தென்படவில்லை. சோபெல் குழு விடவில்லை. கண்ணீரை முகர்ந்த ஆண்கள், தங்களைச் சீண்டும் எதிராளியைக் கணினி விளையாட்டில் பழிவாங்குவது 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்று 2023-இல் வெளியிட்டார்கள். மற்றவர்கள் திரும்பச் செய்து உறுதிப்படுத்தும்வரை இதைக் கொஞ்சம் தள்ளி நின்றே நம்பலாம்.

அழுதால் மனம் லேசாகுமா என்ற கேள்விக்கும் விடை, கூட இருப்பவரைப் பொறுத்திருக்கிறது. 3,000-க்கும் மேற்பட்ட அழுகை அனுபவங்களை 2008-இல் அலசியபோது, பெரும்பாலோர் ஆறுதல் கிடைத்ததாகச் சொன்னார்கள். மூன்றில் ஒருவருக்கு ஒரு மாற்றமும் இல்லை. பத்தில் ஒருவருக்கு முன்னைவிட மோசம். ஆறுதல் சொல்ல ஆள் கிடைத்தவர்களுக்கே மனம் தேறும் வாய்ப்பு அதிகம்.

எதற்கு அழுகிறோம் என்பதைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நான்காகப் பிரிக்கிறது: இழிவுபடுவது, இழப்பது, பழைய நிலை குலைவது, வறுமை. சாவும் பிரிவும் இரண்டாவதில் அடங்கிவிடுகின்றன. மற்ற மூன்றும் ஊரார் நடுவில் மனிதர் தாழ்ந்துபோகும் தருணங்கள். ஒப்பாரியிலும் இதுதான் கேட்கிறது. இழவு வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோளில் கைபோட்டு, மாரடித்துப் பாடும்போது, பாட்டு செத்தவரிடம் தொடங்கினாலும் அங்கேயே நிற்பதில்லை. பிறந்த வீட்டின் பாராமுகமும் புகுந்த வீட்டின் கொடுமையும் உள்ளே வந்துவிடும். தமிழகக் கிராமங்களில் ஒப்பாரியை ஆராய்ந்த மானிடவியலாளர் இசபெல் கிளார்க்-டெசே, 2005-இல் வெளிவந்த தன் நூலுக்கு ‘செத்தவருக்காக யாரும் அழுவதில்லை’ என்ற பொருளில் தலைப்பு வைத்தார். தலைப்பு கடுமையானது. ஆனால் இழவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த யாரும் அதை முழுக்க மறுக்க மாட்டார்கள்.

இந்தக் கூட்டு அழுகைக்கு அதிகாரத்தில் இருந்தவர்கள் பயந்ததும் உண்டு. கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸின் சோலோன், பெண்கள் சாவு வீட்டில் முகத்தைக் கீறிக்கொண்டு புலம்புவதையும், வேற்றுக் குடும்பத்து இழவில் அழுவதையும் சட்டம் போட்டுத் தடுத்தார் என்று பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் எழுதியிருக்கிறார்.

இன்றைய டோக்கியோவில் நிலைமை தலைகீழ். அலுவலகத்தில் முகம் மாறாமல் இருந்து பழகியவர்கள், சேர்ந்து உட்கார்ந்து சோகப் படம் பார்த்து அழுவதற்காகவே கூட்டங்கள் நடக்கின்றன. ‘ருய்கட்சு’ என்று அதற்குப் பெயர். இதைப் பரப்பியவர்களில் ஒருவரான ஹிரோகி தெராய், அதற்கு முன் தம்பதிகளுக்கு விவாகரத்துச் சடங்கு நடத்திக் கொடுத்துக்கொண்டிருந்தவர். அவரிடம் இன்னொரு சேவையும் உண்டு: அழுகிறவரின் கண்ணைத் துடைத்துவிட, கைக்குட்டையோடு ஓர் அழகான இளைஞர் அலுவலகத்துக்கே வருவார். நம்மூரில் கூலிக்கு மாரடிக்க ஆள் வருவதுண்டு. அங்கே கூலி, துடைப்பவருக்கு.