காந்தத்தை நம்பி போல்ட் வாங்கலாமா?

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் கேட்டால் சில கடைகளில் கல்லா ஓரம் கிடக்கும் காந்தத்தை எடுத்து வைத்துக் காட்டுவார்கள். ஒட்டாது. "பாருங்க சார், ஒரிஜினல்!" நாமும் நம்பி வாங்கி வந்து மாட்டுகிறோம். கடற்கரைப் பக்கத்து வீடாக இருந்தால், நாளாக ஆக போல்ட் தலையிலிருந்து சுவரில் பழுப்புக் கோடு இறங்குகிறது. அப்படியானால் அந்தக் காந்தம் எதைத்தான் காட்டியது?

முதலில், துரு ஏன் பிடிப்பதில்லை என்று பார்த்துவிடுவோம். இரும்பில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால், காற்று பட்டதும் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உண்டாகிறது. சூடான பாலில் ஆடை படிவது மாதிரி. எடுத்துவிட்டாலும் மறுபடி படிந்துவிடும். உப்புக்காற்றில் வரும் குளோரைடு இந்தப் படலத்தில்தான் பொத்தல் போடுகிறது.

காந்தத்துக்கு இந்தப் படலத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. உலோகத்துக்குள் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் அது ஒட்டுவதும் ஒட்டாததும். 304 என்ற ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். நிக்கல் சேர்வதால் அடுக்கு மாறி, காந்தம் ஒட்டாமல் போகிறது. நிக்கலோ விலை கூடியது. அதனால் 202 ரகத்தில் அதைப் பாதியளவுக்குக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிவிடுகிறார்கள். அடுக்கு அப்படியே இருக்கும், காந்தமும் ஒட்டாது. துருவைத் தாங்குவதில் மட்டும் 304-க்குக் கீழே. கடைக்காரர் காட்டியது இதுவாகவும் இருக்கலாம்.

இன்னொரு வேடிக்கை: நல்ல 304 போல்ட்டிலும் காந்தம் லேசாக ஒட்டும்! போல்ட்டின் தலையைப் பெரும்பாலும் சூடாக்காமலே அடித்து உருவாக்குகிறார்கள். மரையையும் வெட்டாமல், அழுத்தி உருட்டியே எடுக்கிறார்கள். நசுங்கிய இடத்தில் அணு அடுக்கு கொஞ்சம் மாறிவிடும். பாதி மரை போட்ட போல்ட் ஒன்றில் காந்தத்தை மெல்ல நகர்த்திப் பாருங்கள்: மரைப் பக்கம் இழுப்பது தெரியும், வழுவழுப்பான தண்டில் அநேகமாகத் தெரியாது. இதைப் பார்த்து 'டூப்ளிகேட்' என்று நல்ல சரக்கைத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு, பாவம்.

ஆகவே காந்தத்தை விட்டுவிட்டு போல்ட் தலையில் இருக்கும் எழுத்தைப் படிப்போம். ஏ2 என்றால் 304 வகை, ஏ4 என்றால் 316 வகை. பக்கத்தில் உள்ள 70, இழுவிசையைத் தாங்கும் பலம்: சதுர மில்லிமீட்டருக்கு 700 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 70 கிலோ எடை.

316-இல் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உண்டு. குளோரைடை எதிர்த்து நிற்பது அதன் வேலை. வீட்டுக்குள் ஈரம் படாத இடத்துக்கு 202 போதும். கடலுக்குத் தள்ளியிருக்கும் ஊரில் மொட்டைமாடிக்கு 304. கடல்காற்று அடிக்கும் இடம் என்றால் 316-தான், விலையைப் பார்க்க வேண்டாம். தகரத்தைத் தானே துளைத்து இறங்கும் ஸ்க்ரூக்களில் 410 என்றொரு ரகம் வரும். காந்தம் கப்பென்று பிடிக்கும், அதுவும் ஸ்டெயின்லெஸ்தான். துளைக்கக் கடினம் வேண்டுமே, அதற்காகத் துருத் தடுப்பில் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

மாட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, கையால் நிதானமாக முறுக்குங்கள். எஸ்.எஸ். போல்ட்டும் நட்டும் வேகமாக உரசினால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். வாஷரும் அதே ரகமா என்று கேட்டு வாங்குங்கள், பல இடங்களில் முதலில் துருப்பிடிப்பது அதுதான்.