செயற்கைக் கோள் இடம் பெயர ஒப்புதல்

1997 அக்டோபர் முதல் வாரத்தில் இன்சாட்-2டி செயற்கைக் கோள் தனது மின் வழங்கு அமைப்பில் நேர்ந்த கோளாறினால் செயலிழந்தது. அது விண்ணில் ஏவப்பெற்று நான்கு மாதங்களே ஆகியிருந்தன. தொலைபேசி இணைப்புகள் பலவும், வி-சாட் நிலையங்களின் வழியே நடந்துவந்த பங்குச் சந்தை வணிகமும் தடைப்பட்டன. அடுத்த கோளான இன்சாட்-2ஈ 1999 ஏப்ரலில்தான் விண்ணேறியது. இடைப்பட்ட காலத்தை எவ்வாறு கடப்பது என்பதே பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட விண்வெளித் துறையின் முன் நின்ற கேள்வி.

புதிய கோளை ஆறு மாதத்தில் கட்டிவிட இயலாது. ஆகவே ஏற்கெனவே விண்ணில் இயங்கிக்கொண்டிருந்த ஒரு கோளையே வாங்குவதென முடிவாயிற்று. அரபு நாடுகளின் கூட்டமைப்பான அராப்சாட்டுக்குச் சொந்தமான அராப்சாட்-1சி, 1992இல் ஏவப்பெற்றுக் கிழக்கு 31 பாகையில் நின்றுகொண்டிருந்தது. அது கைமாறி, இன்சாட்-2டிடி என்னும் புதுப் பெயருடன் கிழக்கு 55 பாகைக்கு வந்து சேர்ந்தது. கர்நாடகத்தின் ஹாசனில் உள்ள தலைமைக் கட்டுப்பாட்டு நிலையத்தின் பொறுப்பில் 1998இன் தொடக்கத்தில் இன்சாட் குடும்பத்தில் இடம்பெற்றது.

நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோ மீட்டர் உயரத்தில் உள்ள புவிநிலைப் பாதையில் ஒரு பாகை என்பது சுமார் 736 கிலோ மீட்டர். 24 பாகை நகர்வதென்றால் பதினேழாயிரம் கிலோ மீட்டருக்கும் மேல். இவ்வளவு தொலைவைக் கடக்க எரிபொருள் மிகுதியாகச் செலவாகும் என்று வாசகர் எண்ணக்கூடும். உண்மை அதற்கு மாறானது. கோளின் பாதையைச் சுமார் 78 கிலோ மீட்டர் தாழ்த்தினால் போதும். அது பூமியின் சுழற்சியை முந்திக்கொண்டு நாளொன்றுக்கு ஒரு பாகை வீதம் கிழக்கே தானாகவே நகரத் தொடங்கும். உயர்த்தினால் மேற்கே நகரும். சென்றடைய வேண்டிய இடத்தில் பாதையை மீண்டும் பழைய உயரத்துக்குக் கொணர்ந்தால் கோள் அங்கே நின்றுவிடும். புறப்படவும் நிற்கவுமாகச் சேர்த்து விநாடிக்கு ஆறு மீட்டருக்கும் குறைவான வேக மாற்றமே தேவை. கோள் வடக்கு தெற்காக அலையாமல் காக்க ஆண்டுதோறும் விநாடிக்குச் சுமார் 50 மீட்டர் வேக மாற்றத்துக்கான எரிபொருள் செலவாகிறது. அத்தோடு ஒப்பிட்டால் இடமாற்றத்தின் செலவு சுமார் ஒன்றரை மாதச் செலவே. அவசரமின்றி மெதுவாக நகர்த்தினால் இன்னும் குறையும்.

கோளை நகர்த்துவது எளிது. நகர்த்திய இடத்தில் அதைப் பேச வைப்பதற்கு ஒப்புதல் பெறுவதே அரிது. அண்டை இடங்களில் உள்ள கோள்களும் அதே அலைவரிசைகளைப் பயன்படுத்துகின்றன. தரையில் உள்ள சிறிய ஆன்டெனா இரண்டு பாகை இடைவெளியில் நிற்கும் இரு கோள்களை நன்கு பிரித்தறிய இயலாது. ஒன்றின் பேச்சு மற்றதில் இரைச்சலாகக் கேட்கும். இக்காரணத்தால்தான் இடம் பெயரும் கோளின் டிரான்ஸ்பாண்டர்கள் வழி நெடுகிலும் வாய் மூடியே இருக்க வேண்டும். கட்டளைகளையும் கோளின் உடல் நிலைச் செய்திகளையும் தாங்கிய சிற்றலைகள் மட்டுமே, அவையும் வழியில் உள்ளோருக்கு முன்னறிவித்த பின்னரே, இயங்கலாம்.

விண்வெளியில் எந்த நாட்டுக்கும் நிலப் பட்டா கிடையாது. இருப்பது பயன்படுத்தும் உரிமை மட்டுமே. ஜெனிவாவில் உள்ள சர்வதேசத் தொலைத்தொடர்பு யூனியனிடம் இன்ன பாகையில், இன்ன அலைவரிசையில், இன்ன வலிமையுடன் ஒலிபரப்புவோம் என்று அரசு மனுச் செய்கிறது. பாதிப்புறக்கூடிய நாடுகளுடன் பேச்சு நடத்தி உடன்பாடு காண்கிறது. அதன் பின்னரே பதிவேட்டில் பெயர் ஏறுகிறது. இன்றைய விதிகளின்படி மனுச் செய்த ஏழு ஆண்டுகளுக்குள் கோள் அவ்விடத்தில் நின்றாக வேண்டும். தொடர்ந்து 90 நாட்கள் நின்றால்தான் பயன்பாடு தொடங்கியதாகக் கொள்ளப்படும். கோள் அகன்று சென்றால், உரிமையை மூன்றாண்டுகள் வரை நிறுத்திவைக்கலாம்; அதற்குள் வேறொரு கோள் வராவிடில் உரிமை போய்விடும்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். கோளை விலை கொடுத்து வாங்கலாம். அது முன்பு நின்ற இடத்தின் உரிமை அத்தோடு வருவதில்லை. அராப்சாட்-1சியை இந்தியா 31 பாகையிலேயே வைத்துக்கொள்ளாமல் 55 பாகைக்குக் கொணர்ந்ததன் பின்னணி இதுவே.

முந்தியவருக்கே முதலிடம் என்னும் இம்முறை வளர்ந்த நாடுகளுக்கு வாய்ப்பாக இருந்தது என்பதில் ஐயமில்லை. ராக்கெட் வைத்திருந்தவர் இடம் பிடித்தார். பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டிருந்தவர் பின்தங்கினார். வளர்முக நாடுகளின் வற்புறுத்தலால் 1985, 1988 ஆண்டுகளில் கூடிய உலக மாநாடு, ஒவ்வொரு நாட்டுக்கும் குறைந்தது ஓரிடமேனும் ஒதுக்கும் திட்டத்தை வகுத்தது. எனினும் அத்திட்டம் சில அலைவரிசைகளுக்கு மட்டுமே உரியது. பெரும்பகுதியில் பழைய வரிசை முறையே நீடிக்கிறது.

இடம் பெயர்ந்த கோளால் நாம் பயன் பெற்றது 1997இல்தான் முதல் தடவை அன்று. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6, மேற்கு 94 பாகையிலிருந்து கிழக்கு 35 பாகைக்கு 1975இல் நகர்த்தப்பட்டது. 1969இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக் காலம் ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு அது தொலைக்காட்சியை வழங்கிற்று. கர்நாடகத்தின் குல்பர்கா, ராய்ச்சூர், பிஜாப்பூர் மாவட்டக் கிராமங்களும் அவற்றில் அடங்கும். ஓராண்டு முடிந்ததும் கோள் அமெரிக்கப் பக்கம் திரும்பிச் சென்றது. இரவல் கோளில் அதற்கு மேல் கேட்க நமக்கு உரிமை ஏது?

ஜெனிவாவுக்கு மனுச் செய்யும் அதிகாரம் அரசுக்கே உண்டு; நிறுவனங்கள் நேரே செல்ல இயலாது. நம் நாட்டில் தில்லியில் தொலைத்தொடர்புத் துறையின் கீழுள்ள வயர்லெஸ் திட்ட ஒருங்கிணைப்புப் பிரிவு இப்பணியைச் செய்கிறது. தனியாருக்கும் விண்வெளித் துறை திறந்துவிடப்பட்டபின், 2020இல் அறிவிக்கப்பட்டு அகமதாபாத்தில் இயங்கும் இன்-ஸ்பேஸ் அமைப்பிடமும் கோள் இயக்குவோர் அங்கீகாரம் பெற வேண்டும். 2023ஆம் ஆண்டு விண்வெளிக் கொள்கை இதற்கு அடிப்படை.

வாங்கிய கோளுக்கு ஆயுள் அதிகமில்லை என்பது தொடக்கத்திலேயே தெரிந்ததுதான். ஆனால் 55 பாகை இடம் வெறுமையாகவில்லை. 2003 செப்டம்பரில் ஏவப்பெற்ற இன்சாட்-3ஈ அங்கே சென்று நின்றது; 2011இல் ஜிசாட்-8, 2014இல் ஜிசாட்-16 ஆகியனவும் அதே இடத்துக்கே அனுப்பப்பட்டன.