கரியும் காற்றும்

உலர்ந்த தேயிலையின் ஒரு குணம் மலைநாட்டில் வாழ்வோர் அனைவருக்கும் தெரியும். அருகில் எது மணக்கிறதோ அதன் மணத்தைத் தேயிலை தனதாக்கிக் கொள்ளும். சவர்க்காரத்தோடு வைத்த தேயிலையில் சவர்க்காரம் மணக்கும். கருவாட்டோடு வைத்ததில் கருவாடு மணக்கும். சீனர் இக்குணத்தையே நற்பயனாக்கி, மல்லிகை மலர்களைத் தேயிலையோடு இரவெல்லாம் கலந்து வைத்து மல்லிகைத் தேயிலை செய்தனர். கரிக்கும் ஏறத்தாழ இதே குணம் உண்டு. ஆயினும் எத்துணை வேறுபாடு! அயல்மணம் பற்றிய தேயிலை தன் விலையை இழக்கிறது. அயல்மணம் பற்றிய கரியோ நமக்குத் தூய காற்றைத் திருப்பித் தருகிறது.

வலப்பனைப் பகுதியில் ஆசிரியத் தொழில் புரியும் எனக்கு, கரியின் பெருமையைத் தேடிக் கற்கும் தேவை காளான் பைகளால் வந்தது. என்னிடம் பயிலும் மாணவி ஒருத்தியின் தாயார், கொழுந்து பறிக்கும் வேலைக்குப் பின் கிடைக்கும் நேரத்தில் வீட்டிலேயே சிப்பிக்காளான் வளர்க்கத் தொடங்கினார். முறை எளியது. 10 கிலோ மரத்தூளுக்கு 1 கிலோ அரிசித் தவிடு, 200 கிராம் கல்சியம் காபனேற்று, 100 கிராம் பயற்றம்மா, சிறிதளவு மகனீசியம் சல்பேற்று ஆகியவற்றை நீர் விட்டுப் பிசைந்து, பைகளில் அடைத்து, நீராவியில் அவித்து, ஆறியபின் காளான் வித்தை இடுகிறார்கள். பின்னர் ஈரமும் நிழலும் காற்றோட்டமும் இருந்தால் போதும். நிலமற்றவர்க்கும் உகந்த பயிர் இது.

ஆனால் பயிர் வளர்ந்த இடம் ஒரு லயக் காம்பரா. லயத்தின் அமைப்பை அறியாத வாசகர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளைத் துரைமார் காலத்தில் கட்டிய நீண்ட கட்டடத்தில் ஒரே கூரையின் கீழ் குடும்பங்கள் வரிசையாக வாழ்வதே லய வாழ்க்கை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான ஓர் அறையும் முன்னால் ஓர் இஸ்தோப்புமே பல குடும்பங்களுக்கு வீடு. காளான் பைகளில் சில கெட்டுப் புளித்தன. பூசண வாடையும் சேர்ந்தது. அடுத்த காம்பராவில் குடியிருந்த மூதாட்டி முகம் சுளித்தார். பேச்சு வளர்ந்து சச்சரவாயிற்று. “எங்க அரிசிப் பானையிலயும் அந்த வாடை வருது சார். வாசத்துக்குச் சுவர் ஏது?” என்று அவர் என்னிடம் கேட்டார். அதிலே நியாயம் இருந்தது. மாதக் கடைசியில் கிடைக்கும் சிறு வருவாயை இழக்க முடியாத தாயாரிடமும் நியாயம் இருந்தது. இரு நியாயங்களுக்கும் இடையே நிற்கக்கூடியது கரி ஒன்றே எனத் தோன்றியது.

கரி மணத்தை எவ்வாறு பற்றுகிறது? பஞ்சு நீரைக் குடிப்பது போல அன்று. கரியினுள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் எண்ணில. அத்துளைகளின் சுவர்ப் பரப்பிலே வாயுவின் மூலக்கூறுகள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. இதனை நம் பாடநூல்கள் புறத்துறிஞ்சல் என்கின்றன. பரப்பு மிகுந்தால் பற்றும் ஆற்றலும் மிகும். கரியை 800 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் நீராவிக்கு உட்படுத்தினால் அடைபட்ட துளைகள் திறந்து, புதிய துளைகளும் உண்டாகின்றன. இவ்வாறு செய்யப்பட்டதே ஏவப்பட்ட காபன். அதில் ஒரு கிராமின் உட்பரப்பு 1,000 சதுர மீற்றரை எட்டுவதும் உண்டு. ஒரு சிட்டிகைக் கரிக்குள் ஒரு விளையாட்டு மைதானத்தின் ஒரு பகுதி சுருண்டு கிடக்கிறது எனலாம். தேங்காய்ச் சிரட்டையின் கரியில் மிக நுண்ணிய துளைகளே மிகுதி. ஆகவே வாயுக்களைப் பற்றுவதற்கு அது தனிச் சிறப்புடையது. இலங்கையில் 1973இல் தொடங்கிய ஹேகார்ப் நிறுவனம் சிரட்டைக் கரியிலிருந்து இக்காபனைச் செய்து உலகெங்கும் அனுப்பி வருவதும் இதனாலேயே.

இவ்வறிவு படிப்படியாக வந்தது. 1773இல் சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஷேலே, கரி வாயுக்களைக் கவர்வதைக் கண்டறிந்தார். 1785இல் ரஷ்யாவில் லோவிற்ஸ் என்பார் கரி திரவங்களின் நிறத்தை நீக்குவதைக் கண்டார். 1854இல் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஸ்ரென்ஹவுஸ், கரி அடைத்த மூச்சுக் கவசம் ஒன்றை அமைத்தார். முதலாம் உலகப் போரில், 1915ஆம் ஆண்டு இப்பிரே களத்தில் நச்சு வாயு பரவியபின், ரஷ்ய விஞ்ஞானி செலின்ஸ்கியின் கரிக் கவசம் போர்வீரரைக் காத்தது. 1918இல் அமெரிக்க மக்கள் பீச்சுப் பழக் கொட்டைகளையும் பருப்போடுகளையும் வீடு வீடாகச் சேர்த்துக் கவசக் கரிக்காக அனுப்பினர்.

பலகாரமோ இறைச்சிக் கறியோ கொண்டு செல்கையில் ஒரு கரித்துண்டை உடன் வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. இதுவும் முன்னோரின் இரசாயன ஞானமே என மேடைகளில் கூறுவாரும் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது பேய்க்கு அஞ்சி வைத்த கரி. ஒரு துண்டுக் கரி ஒரு பாத்திரத்தின் மணத்தை அடக்காது. காற்றைக் கரியினூடே செலுத்தினால்தான் கரி தன் பணியை நன்கு செய்யும். வடிகட்டி ஒன்றின் முழு இரகசியமும் இவ்வொரு வாக்கியத்துள் அடங்கும்.

அவ்வாறே ஒன்றை மாணவரோடு சேர்ந்து செய்தோம். கம்பி வலையை உருட்டி, 8 அங்குல விட்டமுடைய உருளை ஒன்றும், 4 அங்குல விட்டமுடைய உருளை ஒன்றும் ஓரடி உயரத்தில் அமைத்தோம். சிறியதைப் பெரியதன் நடுவே நிறுத்தினால் சுற்றிலும் 2 அங்குல இடைவெளி கிடைக்கும். அதில் மிளகளவாக உடைத்த சிரட்டைக் கரியை நிரப்ப வேண்டும். கரியைச் சலித்துத் தூளை நீக்கி, கழுவி, நன்கு உலர்த்துவது இன்றியமையாதது. உடைக்கும்போது மூக்கைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். நிரப்புகையில் உருளையைத் தட்டித் தட்டி இறுக்க வேண்டும். ஓரிடத்தில் வெற்றிடம் இருந்தால் காற்று அந்தக் குறுக்கு வழியிலே நழுவிவிடும். அடியைத் தகர மூடியால் முற்றாக அடைத்தோம். மேல் மூடியின் நடுவே துளையிட்டு, பழைய கணினியிலிருந்து கழற்றிய சிறு மின்விசிறியைப் பொருத்தினோம். வெளிப்புறத்தைப் பழைய பருத்திச் சேலைத் துணியால் சுற்றினோம். அறையின் காற்று துணியையும் கரியையும் கடந்து உள் உருளையை அடைகிறது. விசிறி அதனை இழுத்து ஒரு குழாய் வழியே கூரையோரத்து இடுக்கினூடாக வெளியே விடுகிறது.

இதற்கு மூன்று முதல் நான்கு கிலோ கரி தேவைப்பட்டது. ஒரு தொன் சிரட்டைக் கரிக்கு ஏறத்தாழ 20,000 தேங்காய்களின் சிரட்டை வேண்டும் என்பது கணக்கு. அப்படியாயின் எங்கள் உருளைக்கு எழுபது, எண்பது தேங்காய்! தேங்காய் கீழ்நாட்டிலிருந்து வரும் மலைநாட்டில் ஒரு குடும்பம் அத்தனை சிரட்டைக்கு எங்கே போகும்? லயம் முழுவதும் சேர்த்தது. முகம் சுளித்த மூதாட்டியும் ஒரு பை நிறையக் கொண்டுவந்து தந்தார். சிரட்டையை வெட்டவெளியில், குழியிலிட்டுக் காற்றை அடக்கி எரித்தோம். இதை ஒருபோதும் வீட்டுக்குள் செய்யலாகாது.

வீட்டில் செய்யும் கரி ஏவப்பட்டது அன்று. அதன் ஆற்றல் குறைவு, விரைவில் களைத்துவிடும். ஆயினும் வாடை பெரிதும் தணிந்தது. காளானின் தனி மணத்துக்குக் காரணமானது எட்டுக் காபன் அணுக்கள் கொண்ட ஓர் அற்ககோல். அத்தகைய பெரிய மூலக்கூறுகளைக் கரி நன்கு பற்றும். அமோனியா போன்ற சிறு மூலக்கூறுகளை அவ்வளவாகப் பற்றாது. ஈரம் மிகுந்த காற்றில் நீராவியே துளைகளை நிரப்பிவிடுவதால் கரியின் ஆற்றல் குன்றும். பனிமூட்டமும் காளானறையின் ஈரமும் சேரும் எமது ஊரில் இது பெரிய தொல்லை. கரியை அடிக்கடி வெயிலில் உலர்த்தினால் ஈரம் போகும். பற்றிய மணம் முழுவதும் போகாது. வாடை மீளும்போது புதுக் கரி இட்டு, பழையதைத் தோட்ட மண்ணில் சேர்க்கலாம். காளானின் வித்துத்தூளைப் பிடிப்பதும் கரியின் வேலையன்று. அது நெஞ்சுக்குக் கேடு செய்யும். குடை முற்றாக விரியுமுன்னே காளானைப் பறித்துவிடுவதே நலம்.

இவை எல்லாவற்றினும் முதன்மையான எச்சரிக்கை ஒன்று உண்டு. விறகடுப்பிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயுவைக் கரி தடுக்காது. அதற்கு மணமும் இல்லை. வாடை அடங்கிய அறை பாதுகாப்பான அறை என்று எண்ணுவது உயிருக்கே ஆபத்து. மணம் என்பது ஒரு தூதன்; காற்று தேங்கி நிற்கிறது என்று அறிவிக்க வருபவன். கரி தூதனின் வாயை அடைக்கும். அவன் கொண்டுவந்த செய்தியை மாற்றாது.

அச்செய்தி யாது? அறைக்குச் சன்னல் வேண்டும் என்பதே. குழாயை நாங்கள் கூரையிடுக்கில் செருகியது விருப்பத்தால் அன்று. லயம் குடியிருப்போருக்குச் சொந்தமன்று. சுவரில் ஒரு துளை இடவும் தோட்ட நிருவாகத்தின் அனுமதி வேண்டும். மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை 2023இல் நினைவுகூர்ந்தோம். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீட்டின் சுவரில் சன்னல் வைக்கும் உரிமை இல்லாதவர் இன்னும் எத்தனையோ பேர்.

ஆகவே மாணவர்க்கு நான் இரண்டு பாடங்களையும் சேர்த்தே சொல்கிறேன். புறத்துறிஞ்சலைக் கற்றுக்கொள்ளுங்கள், சிரட்டையும் கம்பி வலையும் பழைய விசிறியும் கொண்டு அயலாரின் சச்சரவைத் தீர்க்க முடியும் என்பது சிறிய செய்தியன்று. ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். கரியை நாமே சுட்டுக்கொள்ளலாம். சன்னலைக் கேட்டுத்தான் பெற வேண்டியிருக்கிறது. கேட்பதற்கும் கல்வி வேண்டும்.