ஆப்பச் சோடாதானே என்று அலட்சியம் வேண்டாம்

மட்டாஞ்சேரி: ஆப்ப மாவில் ஒரு சிட்டிகை போடும் சோடாவையே மூட்டை மூட்டையாகக் கொட்டி, கம்ப்ரசர் காற்றில் பீய்ச்சியடித்துப் பழைய பெயிண்டை உரிக்கும் முறைக்கு சோடா பிளாஸ்டிங் என்று பெயர். படகுகளும் பழைய பண்டகசாலைகளும் காயலோரம் நெருங்கி நிற்கும் நம் ஊரில், இதன் நன்மை தீமைகளை அறிந்து வைப்பது நல்லது.

நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலையை 1986-ம் ஆண்டு நூற்றாண்டு விழாவுக்காகப் பழுதுபார்த்தபோது, உட்புறத் தார்ப்பூச்சை நீக்க இம்முறையையே கையாண்டார்கள். மெல்லிய செப்புத் தகட்டுக்குச் சேதமில்லை. ஆனால், இடுக்குகள் வழியே வெளியே கசிந்த சோடா, சிலையின் பச்சை நிறத்தை ஆங்காங்கே நீலமாக்கிவிட்டது. தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டியதாயிற்று.

மணலை விட மேல்

மணலைப் பீய்ச்சினால் எழும் சிலிக்கா தூசி நுரையீரலை அரித்துவிடும். வார்ப்படங்களைச் சுத்தம் செய்ய மணலைப் பயன்படுத்துவதை பிரிட்டன் 1949-லேயே தடுத்துவிட்டது. சோடாவில் அந்த ஆபத்தில்லை; தண்ணீரிலும் கரைந்துவிடும்.

கரையாதது எது?

சோடா கரையும், அதோடு உரிந்து வரும் பெயிண்ட் கரையாது. பழைய கதவு, கம்பிகளின் பூச்சில் ஈயம் இருக்கலாம். படகின் அடிப்பாகத்தில் பாசி பிடிக்காமலிருக்கப் பூசும் பெயிண்டில் செம்பு உண்டு. கப்பல்களுக்கு 2008 முதல் உலக அளவில் தடை செய்யப்பட்ட வெள்ளீய நஞ்சும் பழைய பூச்சுகளின் அடியில் தங்கியிருக்கலாம். திறந்த வெளியில் அடித்தால் இத்தனையும் காற்றில் பறக்கும். மழை பெய்தால் ஓடை வழியே காயலில் சேரும். 2002-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற வேம்பநாட்டுக் காயல் இது; மீனை நம்பிப் பிழைப்போர் ஏராளம்.

சோடா மண்ணில் அதிகம் சேர்ந்தால் செடிகொடிகள் கருகும். செம்மண் கல் சுவரில் ஊறினால் உப்புப் பூத்துக் காரை உதிரும். ஃபோர்ட் கொச்சி டோபிகானாவில் நம் தமிழ்ச் சலவைத் தொழிலாளர்கள் வெயிலில் உலர்த்தும் துணிகளை நினைத்தால், பெயிண்ட் தூசி காற்றோடு போகட்டும் என்று விட முடியுமா?

செய்ய வேண்டியது

வேலையிடத்தைச் சுற்றிலும் தார்ப்பாய் கட்ட வேண்டும். கீழேயும் விரிக்க வேண்டும். பலத்த காற்றிலும் மழையிலும் வேலை கூடாது. ஓடை வாயை அடைத்து, விழுந்த கழிவைக் கூட்டி அள்ளித் தனியே ஒப்படைக்க வேண்டும். தொழிலாளிக்குத் தக்க முகமூடி அவசியம். மிச்சச் சோடாவைத் துடைத்துக் கழுவாவிட்டால் புதுப் பெயிண்டும் ஒட்டாது. அந்தக் கழுவு நீரையும் ஓடையில் விடலாகாது.

தார்ப்பாய்ச் செலவை மிச்சம் பிடிப்பவர் ஒருவர். தூசியைச் சுவாசிப்பவர் ஒரு தெரு. மாநகராட்சியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இதைக் கவனிக்குமா?