உங்களுக்குத் தெரியுமா? லஞ்சம் கொடுத்த கைக்கும் விலங்கு!

வெளிநாட்டில் ஆர்டர் பிடிக்க லஞ்சம் கொடுத்த கம்பெனியை அதன் சொந்த நாடே கூண்டில் ஏற்றலாம். அந்தச் சட்டங்கள் வந்த கதையிலிருந்து சில துளிகள்...

● நூறு வேர்க்கடலை கிடைத்ததாக ஒரு ரசீது! ஜப்பானில் விமானம் விற்க அமெரிக்காவின் லாக்ஹீட் நிறுவனம் இறைத்த பணத்துக்கான ரகசியக் குறியீடு அது. ஒரு கடலை என்றால் 10 லட்சம் யென். 50 கோடி யென் வாங்கியதாக முன்னாள் பிரதமர் ககுவேய் தனாகா 1976-ல் கைதானார். 1983-ல் அவருக்கு 4 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

● அமெரிக்காவில் துருவத் துருவ, 400-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் இப்படிப் பணம் கொடுத்ததை ஒப்புக்கொண்டன. மொத்தம் 30 கோடி டாலருக்கு மேல்! 1977 டிசம்பரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட, அயல்நாட்டு அதிகாரிக்கு லஞ்சம் கொடுப்பதைக் குற்றமாக்கும் உலகின் முதல் சட்டம் பிறந்தது.

● ஜெர்மனியிலோ, வெளிநாட்டில் கொடுத்த லஞ்சத்தை வியாபாரச் செலவாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ள 1999 வரை வழி இருந்தது. 1997-ல் பாரிஸில் கையெழுத்தான லஞ்ச எதிர்ப்பு ஒப்பந்தம் 1999 பிப்ரவரியில் அமலுக்கு வந்த பிறகுதான் காட்சி மாறியது. இன்று 40-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன.

● ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனத்தில் லஞ்சப் பணம் எடுப்பதற்கென்றே கேஷ் கவுண்டர்கள் இருந்தன. ஊழியர்கள் பெட்டியோடு வந்து கட்டுக்கட்டாக அள்ளிப்போனார்கள். ஒப்புதல் கையெழுத்துகூட, பிறகு உரித்து எறிந்துவிடத் தோதாக, ஒட்டுச்சீட்டில்தான்! அமெரிக்காவும் ஜெர்மனியும் சேர்ந்து வசூலித்த தொகை சுமார் 160 கோடி டாலர்.

● பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கறார். தனக்காக ஒருவர் லஞ்சம் கொடுத்ததைத் தடுக்கத் தவறினாலே கம்பெனி குற்றவாளி. தடுப்பதற்குத் தக்க ஏற்பாடுகள் செய்திருந்ததாக நிரூபித்தால் மட்டுமே தப்பலாம்.

● 2020-ல் ஏர்பஸ் நிறுவனம் பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்றுக்கும் சேர்த்து 360 கோடி யூரோ கட்ட ஒப்புக்கொண்டது. அந்த வழக்கில் இலங்கையும் உண்டு. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் விமானக் கொள்முதலில், அங்கிருந்த உயரதிகாரியின் மனைவிக்கு இடைத்தரகர் என்ற பெயரில் 20 லட்சம் டாலர் போனது. அவர் யார் என்பதை மறைக்க, பெயரோடு ஆணா பெண்ணா என்பதையும் மாற்றிச் சொல்லியிருந்தார்கள்.

● சென்னையும் தப்பவில்லை. இங்கே வளாகம் கட்ட அனுமதி பெறுவதற்காக 20 லட்சம் டாலர் லஞ்சத்துக்குச் சம்மதித்ததாக எழுந்த வழக்கை முடித்துக்கொள்ள, 2019-ல் காக்னிசன்ட் நிறுவனம் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்துக்கு 2.5 கோடி டாலர் கட்டியது. ஃபைல் நகர்ந்தது சென்னையில். அபராதம் விழுந்தது அமெரிக்காவில்!

● இந்தியா? உள்நாட்டில் லஞ்சம் கொடுக்கும் நிறுவனத்தைத் தண்டிக்க 2018-ல் சட்டம் திருத்தப்பட்டது. அயல்நாட்டு அதிகாரிக்குக் கொடுப்பதைக் குற்றமாக்க 2011-ல் வந்த மசோதாவோ நிறைவேறாமலே காலாவதியானது. கொடுத்த லஞ்சத்தைக் கம்பெனி பொருளின் விலையில் ஏற்றிவிடும். அதை அடைப்பது வாங்கும் நாட்டின் ஏழை ஜனங்கள். நம் கம்பெனிகள் உலகமெங்கும் கடை விரித்திருக்கும் இந்தக் காலத்தில், அந்தப் பாவத்தில் நமக்குப் பங்கு வேண்டாம். அந்த மசோதா மறுபடி நாடாளுமன்றத்துக்கு வர வேண்டும்.