சிவப்பு தெரிஞ்சா நிக்கணுமா? கடல் விளக்குகளைப் படிப்பது எப்படி

போன மாசம் நண்பனோட அண்ணன் படகுல காசிமேட்டுல இருந்து ராத்திரி கடலுக்குப் போனேன். தூரத்துல சிவப்பும் பச்சையும் பக்கத்துல பக்கத்துல, மேல ஒரு வெள்ளை. "சூப்பரா இருக்குண்ணே"ன்னு போனை எடுத்தேன். அவர் எதுவும் பேசாம படகை வலப்பக்கம் திருப்பினார். அப்புறம்தான் சொன்னார்: "தம்பி, அது நேரா நம்ம மேல வந்துட்டிருந்துச்சு."

இதுல இருக்கிற லாஜிக் ரொம்ப எளிமையானது. கப்பலோட இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. ஒவ்வொரு விளக்கும் நேர் முன்னால இருந்து அதன் பக்கமா 112.5 டிகிரிக்குத்தான் தெரியும். ரெண்டும் சேர்ந்து தெரியுதுன்னா நீங்க அதுக்கு நேர் எதிரே இருக்கீங்க. ரெண்டும் இன்ஜின்ல ஓடுறதுன்னா, ரெண்டு பேருமே வலப்பக்கம் திரும்பணும். உங்க வலப்பக்கத்துல இருந்து குறுக்கே வர்றதோட சிவப்பு மட்டும் தெரிஞ்சா, வழிவிட வேண்டியது நீங்கதான்.

அடுத்து மிதவைகள். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும், கடலில் இருந்து துறைமுகத்துக்குள் வரும்போது சிவப்பு மிதவை இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். வெளியே போகும்போது அப்படியே மாறிடும். ஆனா அமெரிக்கா, ஜப்பான், பிலிப்பைன்ஸ்ல எல்லாமே தலைகீழ்!

ஒரே ஸ்டாண்டர்டா வெச்சிருக்கலாமேன்னு தோணும். 1976 வரைக்கும் உலகத்துல முப்பதுக்கும் மேற்பட்ட முறைகள் இருந்தன. 1971ல டோவர் நீரிணையில் ஒரு கப்பல் மோதி மூழ்கியது. அந்தச் சிதைவின் மேலேயே அடுத்தடுத்து இன்னும் ரெண்டு கப்பல்கள் மோதி மூழ்கின. அங்கே வைத்த எச்சரிக்கைகள் போதவில்லை. அதுக்கப்புறம்தான் வேலை வேகமெடுத்து, 1980ல் டோக்கியோவில் ரெண்டு மண்டலங்களா ஒப்பந்தம் ஆச்சு. பழைய சிஸ்டத்தை மாத்துறது எவ்வளவு கஷ்டம்னு நம்ம கோடு எழுதுறவங்களுக்குத் தெரியாதா?

நல்ல வேளையா, வடிவம் மட்டும் எங்கேயும் மாறாது. மிதவைக்குத் தனி வடிவம் இருந்தா, உள்ளே வரும்போது இடப்பக்கம் டப்பா, வலப்பக்கம் கூம்பு.

மஞ்சள்-கறுப்பு மிதவைன்னா கடிகாரத்தை நினைச்சுக்கோங்க. விளக்கு வேகமா 3 தடவை மின்னினா கிழக்கு, 6 தடவை மின்னி ஒரு நீள மின்னல் வந்தா தெற்கு, 9 தடவைன்னா மேற்கு, நிறுத்தாம மின்னினா வடக்கு. மிதவைக்கு அந்தத் திசையில்தான் பாதுகாப்பான தண்ணீர்.

ரோட்ல சிவப்பு 'நில்'னு சொல்லும். கடல்ல அது 'நீ எந்தப் பக்கம் இருக்கே?'ன்னு கேட்கும். பதில் தெரிஞ்ச பிறகு போட்டோ எடுக்கலாம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!