பாட்டோடு பதிவாகும் இரைச்சல்



சபையின் இசை ஆராதனையில் தகப்பனார் பாடிய பாடலை ஆசையோடு பதிவு செய்து வைத்திருப்பீர்கள். அவர் மறைந்த பின்பு ஒருநாள் அதைப் போட்டுக் கேட்டால், குரலுக்கு முன்பாக ‘உம்’மென்ற ரீங்காரமும் மின்விசிறியின் ஓசையுமே காதில் விழும். அந்த மாலை மறுபடியும் வரப்போவதில்லை. “மலிவான மைக், அதனால்தான்” என்று அநேகர் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் குற்றம் மைக்கினுடையதல்ல.

காலர் மைக்கினுள் இருப்பது எலெக்ட்ரெட் என்னும் வகை. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் என்ற இருவர் 1962இல் இதை உருவாக்கினார்கள். மிளகளவே இருந்தாலும் நன்றாகவே கேட்கும். ஆனால் அது அனுப்பும் மின்னோசை மிகவும் மெல்லியது. ஆகவே வழியில் கலக்கும் எதுவும் அதோடு சேர்ந்து பெரிதாகிவிடும்.

குர்லாவில் மத்திய ரயில் பாதையும் ஹார்பர் பாதையும் சந்திக்கின்றன. விமான நிலையமும் அருகிலேயே. அந்த ஓசைகளை நாம் நிறுத்த இயலாது. எனினும் ரயில் கடந்துபோகும். ரீங்காரமோ ஆராதனை முடியும்வரை நிற்கும். அதைத்தான் முதலில் தேட வேண்டும்.

நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. ரீங்காரம் அதன் குரலே. பதிவுக் கருவியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஓசை நின்றால், சார்ஜரே காரணம். மிக்ஸரிலிருந்து வயர் எடுத்திருந்தால், இரண்டு கருவிகளுக்கும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் கொடுங்கள். ரீங்காரத்தை நிறுத்துவதற்காக எர்த் முனையை ஒருபோதும் கழற்றாதீர்கள், உயிருக்கே ஆபத்து. ‘டிட்-டிட்-டிட்’ என்று கேட்டால், வயருக்கு அருகே யாரோ ஒருவருடைய கைபேசி இருக்கிறது.

பாடல் நிற்கும்போதெல்லாம் இரைச்சல் எழும்பி, பாடத் தொடங்கியதும் அடங்குகிறதா? இதை மட்டும் சற்று நின்று கவனியுங்கள். ஒலி குறையும்போது கருவி தானாகவே அளவை ஏற்றுகிறது. அமைதியான நேரத்தில் அதற்குக் கிடைப்பது மின்விசிறி மட்டுமே! அந்தத் தானியங்கி வசதியை அணைத்துவிட்டு, அளவைக் கையால் வையுங்கள். முன்னதாகவே, எல்லாரும் கைதட்டிப் பாடும் பல்லவி ஒன்றைப் பாடவைத்து, முள் மைனஸ் 12 டெசிபல் அளவில் நிற்கும்படி பாருங்கள். பூஜ்யத்தைத் தாண்டினால் குரல் கிழியும். கிழிந்த குரலை எந்த மென்பொருளும் முழுமையாகச் சரிசெய்யாது. குறைவாகப் பதிந்ததைப் பிறகு உயர்த்திக்கொள்ளலாம்.

மைக்கை நான்கு அடியிலிருந்து இரண்டு அடிக்குக் கொண்டுவாருங்கள். குரல் ஏறத்தாழ 6 டெசிபல் உயரும், மின்விசிறி இருந்தபடியே இருக்கும். மேஜை மேல் வைப்பதானால் அடியில் மடித்த துணி போடுங்கள். காற்று நேராகப் படுமிடத்தில் பஞ்சுத் தொப்பி அவசியம்.

ஆராதனைக்கு முன்பு, வெறும் மண்டபத்தின் ஓசையைப் பத்து நொடி பதிவு செய்து வையுங்கள். ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருள் அதை மாதிரியாகக் கொண்டு இரைச்சலைக் குறைக்கும். அளவு மீறினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோலாகும்.

தகரக் கூரையின்மேல் மழை கொட்டும் நாளில் இவை ஒன்றும் உதவாது. பாடியவரை மறுநாள் ஒரு சிறிய அறையில் உட்காரவைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, இன்னொருமுறை பாடச் சொல்லுங்கள்.